மாற்றாள்

கரோன் ஆற்றுக்கு மேற்கே
பத்திர எழுத்தர் ஒருவரிடம் நான் குமாஸ்தா.
மரச்செருப்புக் குடைகிறவருக்கு
நாலாவதாகப் பிறந்தவன்.
சொத்தென்று கிடைத்தது கையெழுத்து.
அதில் யாரும் பங்கு கேட்கவில்லை.

பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்று
பாரிஸ் சட்டம் போட்ட பிறகு
எங்கள் பக்கத்துத் தொட்டில் தச்சன்
பீப்பாய் செய்யப் போய்விட்டான்.
நிலம் வைத்திருப்பவன்
விளக்கை அணைக்கும் முன்பே
வகுத்துப் பார்த்துவிடுகிறான்.
எனக்கு ஒரு மகள். அவளுக்குக் கையெழுத்து வரவில்லை.

ஒதிலோன் லாபேருக்கு நாற்பது வரிசைத் திராட்சை.
அவர் அப்பா காலத்தில் நூற்றிருபது.
அண்ணன் தம்பி மூவர், மூன்று வேலி,
ஒருவர் கோழி இன்னொருவர் மண்ணைக் கிளறினால் வழக்கு.
அத்தனை வழக்கையும் நான்தான் படியெடுத்தேன்.
லாபேர் ஒரே மகனோடு நிறுத்திக்கொண்டார்.
உர்சூல் அம்மாளுக்கு இன்னொன்று வேண்டியிருந்தது என்று
சலவைத் துறையில் பேச்சு.
பத்திரத்தில் அதற்கு இடம் கிடையாது.

அவர் நிலத்தை வாரத்துக்கு உழுத பிராதேவுக்கு ஏழு.
பாதி விளைச்சல், பாதிக் கூரை, ஏழு பிள்ளை.
பூஜ்யத்தை ஏழால் வகுத்தால் என்ன,
எழுபதால் வகுத்தால் என்ன?

ஐம்பத்து நாலில் சேனைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.
அன்செல்ம் லாபேர் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்த எண்
பதினொன்று.
பதினொன்று என்றால் ஏழு வருஷம்,
கருங்கடல், குளிர், வாந்திபேதி.
அவன் அப்பா மறுநாள் காலையே வந்தார்,
தொப்பியைக் கழற்றாமல்.
பின்னால் பிராதேயின் மூன்றாவது மகன் ஃபிர்மேன்,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

மாற்றாள் ஒப்பந்தம். என் கையெழுத்தில் இரண்டு படி.
விலை ஆயிரத்து எண்ணூறு பிராங்க்:
பாதி இப்போது, பாதி திரும்பி வந்தால்.
'வந்தால்' என்ற சொல்லில் மை கசிந்துவிட்டது.
சுரண்டிவிட்டு மறுபடி எழுதினேன்.
எழுதத் தெரியாத ஃபிர்மேன்
இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டான்,
பார்க்கப் பெருக்கல் குறிபோல் இருந்தது.
முதல் பாதிக் காசை எங்கள் பெட்டியிலேயே
வைத்துவிட்டுப் போனான்.

அன்செல்ம் வீட்டில் பத்திரமாக இருந்தான்.
வீட்டுக் கிணற்றில் விஷக்காய்ச்சல் இருந்தது.
பதினாறு நாள்.
அதே கோடையில் கொடியெல்லாம் சாம்பல் பூஞ்சை,
பன்றிக்குக்கூட ஆகாத பழம்.
லாபேர் வந்து நாற்காலியில் உட்காராமல் கேட்டார்:
அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியுமா?
எதற்கு ஐயா என்றேன்.
அவருக்கும் தெரியவில்லை.

ஃபிர்மேன் அறுபத்தொன்றில் திரும்பினான்.
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
மீதித் தொகையைக் கேட்டான், வட்டியோடு.
லாபேரிடம் காசு இல்லை, நிலம் இருந்தது,
அதை யாருக்கு வைப்பது என்பதுதான் இல்லை.
பெட்டியிலிருந்த காசும் சேர்ந்து
இருபத்திரண்டு வரிசை கைமாறியது.
விற்றவர் லாபேர், வாங்கியவர் பிராதே:
அந்த இரண்டு பெயரையும் அந்த வரிசையில்
நான் எழுதியது அன்றுதான்.
எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்று
மூன்று முறை வாசித்தேன்.

மற்ற ஆறு பேர் என்ன ஆனார்கள் என்றால்,
ஒருத்தி போர்தோவில் பாத்திரம் துலக்குகிறாள்,
இருவர் மண்ணுக்குள்,
மிச்சப்பேர் இன்னும் வாரத்தில்.
ஒரு கை போட்ட ஏணியில்
ஒரு ஆள்தான் ஏற முடிந்தது.

அடுத்த இளவேனிலில் அவனுக்குக் கல்யாண ஒப்பந்தம்.
பெண் பெயர் ஸெலீ, எட்டுப் பேருடன் பிறந்தவள்.
சீதனம்: ஒரு பசு, ஆறு படுக்கை விரிப்பு.

பத்து வருஷம் கழித்துச் சந்தையில் பார்த்தேன்.
புதுத் தொப்பி, கழற்றவில்லை.
எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.
மூன்று விரல் மிச்சமிருந்த கையைத் தூக்கினான்.
பிறகு, என்னையே பார்த்துக்கொண்டு,
இரண்டை மடக்கினான்.