சாம்பெசிக் கரையில் ஒரு செவ்வாய்

செவ்வாய் காலை எட்டு மணி என்று
ஒரு மாதம் முன்பே குறித்திருந்தோம் நமகாவுக்கு.
நடந்தே வந்தாள். வெறும் வயிறு, அதனால் கோபம்.
நகப்பூச்சை நான்தான் துடைத்துவிட்டேன்.
எட்டு நாற்பதுக்கு மகள்.
தும்மல் மாதிரி ஓர் அழுகை.

கையுறை கழற்றுமுன்,
வெள்ளத்தில் பதினோரு மணி நேரம் துடுப்பு வலித்து
முண்டியா வந்தான்.
படகுக்குள் லிசேலி.
நீர் இறைத்த தகரக்குவளையிலேயே
அவளுக்குக் குடிக்கவும் கொடுத்திருந்தான்.

அதே கத்தி, அதே விளக்கு.
அவளை மீட்டோம்; கருப்பை போயிற்று.
பிள்ளை வழியிலேயே.
எந்த வளைவில் என்று யாருக்கும் தெரியாது.

பதிவேட்டில் காரணம்: தடைப்பட்ட பிரசவம்.
ஆறு என்று எழுதக் கட்டம் இல்லை.

முண்டியா கட்ட மறந்த படகு
விலகிப் போய்க்கொண்டிருந்தது.
நமகாவின் கணவன்
புதுச் சட்டையோடு
இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான்.