அரை அங்குலம்

தடைக்காலம் முடிய இன்னும் ஐந்து மணி நேரம்.
கடுவையாற்றில் நாகப்பட்டினத்துப் படகெல்லாம்
ஐஸ் ஏற்றி, டீசல் ஏற்றி
மூக்கை முகத்துவாரத்துக்குத் திருப்பி நிற்கிறது.
எங்களுடையது மட்டும்
சாவியைத் திருப்பியதும்
கீச்சென்றது.

பக்கத்துப் படகில் ஒருவன்
அதே சுருதியில் விசிலடித்துக் காட்டினான்.

"புதுசு போட்டு வருஷம் ஆகலையே" என்றார் ஓனர்,
பில் இருக்கும் சட்டைப்பையைத் தொட்டபடி.
அறுபத்தோரு நாள் சும்மா கிடந்த பெல்ட்.
சும்மா கிடப்பதும் தேய்மானம்தான்,
அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

பலகையைத் தூக்கி இறங்கினேன்.
கப்பியைச் சுற்றிக் கறுப்புத் தூள்
ஈ மொய்த்தது போல.
எஞ்சினை நிறுத்தி
சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டேன்.
விலை கொடுத்து வாங்கிய பழக்கம் இது:
கோடியக்கரைக்குக் கிழக்கே ஒரு ராத்திரி
ஓடும் பெல்ட்டில் இறுக்கம் பார்க்கப் போய்
வலது கட்டைவிரலில் ஒரு கணுவை
விட்டுவிட்டு வந்தவன் நான்.

மேலே இருப்பவர்களுக்கு இது ஒரு சத்தம்.
எனக்கு இது பேட்டரி.
தளர்ந்தால் நடுக்கடலில் விளக்கு மஞ்சளாகும்,
வயர்லெஸ் தண்ணீருக்கடியிலிருந்து பேசும்,
ஜிபிஎஸ் இரண்டு தரம் கண் சிமிட்டி அணையும்.
அப்புறம் அந்த இருட்டில்
கோடு எந்தப் பக்கம் என்று
கடலுக்கே தெரியாது.

அதற்காக முறுக்கித் தள்ளவும் முடியாது.
அதிகம் இழுத்தால் பேரிங் போகும்;
அது கத்தாது, முனகும்,
மூன்றாம் நாள் செத்திருக்கும்.

கீழ் போல்ட்டைத் தளர்த்தினேன்.
மேலே, வளைந்த பட்டையில் இருக்கும்
பதின்மூன்றாம் நம்பரையும்.
ஓனர் மகனின் உடைந்த கிரிக்கெட் மட்டைப் பிடியை
ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே கொடுத்து
இடது கையால் நெம்பிப் பிடித்தேன்.
வலது கையில் ஸ்பேனர்.
அமுக்கிப் பார்க்க
ஆளில்லை.

"தங்கையா, இறங்கி வா.
உன் கட்டைவிரலைக் கொடு."

சமையல்காரன். கீழையூர்ப் பக்கத்தான்.
வயலில் தண்ணீர் இல்லாத வருஷங்களில்
எங்களுக்குச் சோறாக்க வருபவன்.
புளி கரைத்த கையோடு இறங்கினான்.

"இரண்டு கப்பிக்கும் நடுவில் அமுக்கு.
நாரத்தை பழுத்திருக்கான்னு பார்ப்பியே, அந்த அளவு.
அரை அங்குலம் உள்ளே போகணும்."

"அரை அங்குலம்னா எவ்வளவு?"

ஸ்பேனரோடு கையைத் தூக்கிக் காட்டினேன்.
"இதில் இல்லாததில் பாதி."

கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்தான்,
அங்கே இல்லாததை அளப்பவன் போல.
பிறகு பெல்ட்டை அமுக்கினான்.
"தொளதொளங்குது."
நெம்பினேன்.
"இன்னும்."
நெம்பினேன்.
"ஐயோ, கல்லாட்டம் ஆயிடுச்சு."
மயிரிழை விட்டேன்.
"ம்."
"ம்மா?"
"ம்."
முடுக்கினேன்.

மேலே யாருடைய போனிலோ செய்தி:
முந்தாநாள் மேட்டூர் திறந்தாச்சாம்.
கடைமடைக்கு வந்துசேர எத்தனை நாளோ.
தங்கையன் ஸ்பேனரைப் பார்த்தான்.
"அங்கேயும் ஒரு நட்டை..."
என்றவன்
குழம்பு அடிப்பிடிக்கும் வாசனைக்கு
ஏறிப் போய்விட்டான்.

சாவி. கீச்சு இல்லை.
மீட்டர் முள் நிதானமாக ஏறி
பதினாலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.
விசிலடித்தவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நள்ளிரவு.
ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரம் தாண்டினோம்.
இறுக்கிய பெல்ட் சூட்டில் கொஞ்சம் இளகும்;
அரை மணி கழித்து மறுபடி பார்க்கணும்.
கரை விளக்குகள் சிறுத்ததும்
எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி,
பலகையைத் தூக்கினேன்.

"தங்கையா, விரல்."

கைலியில் துடைத்தபடி வந்தான்.
நுனியில் கறுப்புக் கோடு
இன்னும் போகவில்லை.