ரொக்க மதிப்பு

டொலிடோ, ஒஹாயோ. பிப்ரவரி, வியாழன் மாலை.
ஐந்தாம் எண் கல்லாவில் நான்.
லவோன் பிட்மன் நான்கு டப்பா சூப்பை அடுக்கி
மேலே ஒரு கூப்பன் வைத்தாள்.
கத்தரித்த ஓரம் அத்தனை நேர்.

ஸ்கேனர் சிணுங்கியது.

எறும்பு படிக்க அச்சடித்த எழுத்து:
நான்கு வாங்கினால் ஒரு டாலர் தள்ளுபடி.
தக்காளி நீங்கலாக.
உப்புக் குறைந்தது, குடும்ப அளவு,
மூடியை இழுத்துத் திறக்கும் வகை நீங்கலாக.
வேறெந்தச் சலுகையோடும் சேராது.
பிரதி எடுத்தால் செல்லாது. கைமாறினால் செல்லாது.

"கைமாறினாலா?
என் கையிலிருந்து உன் கைக்கு வந்தாகணுமே,
அதுவுமா?"

பயிற்சியில் இதைச் சொல்லித்தரவில்லை.
பின்னால் ஒருவன் உறைந்த பீட்சாவை
வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினான்.

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.
ஆறு வருஷமாக நான் படிக்காத கடைசி வரி:
ரொக்க மதிப்பு, ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு.

"சரி, அதைக் கொடு."

கல்லாவைத் திறந்தேன்.
தட்டில் அவ்வளவு சின்னதாக எதுவுமில்லை.
என் சட்டைப்பையிலிருந்து ஒரு சென்ட் எடுத்து நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"அப்படின்னா இன்னும் தொண்ணூற்றொன்பது கூப்பன்
உனக்கு நான் தரணும்."

இரண்டு டப்பாக்களை அங்கேயே விட்டுப்போனாள்.
இழுத்துத் திறக்கும் மூடி.

அடுத்த வியாழன் பதினொன்று கொண்டுவந்தாள்,
ரப்பர் பேண்ட் போட்டு.
நாய் பிஸ்கட், ஷாம்பூ, காலாவதியான தயிர்.
எச்சில் தொட்டு எண்ணி வாங்கிக்கொண்டேன்.

எண்பத்தெட்டு பாக்கி.