பத்து எண்ணுவதற்குள்

இரண்டு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு
வெல்டர் எலெயுத்தேரியோ வடக்கே கப்பலேறினான்.
கட்டில்மேல் ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு ஒயர்.
"செனோரா கிரிசெல்தா, இதை விற்றுக்கொள்ளுங்கள்" என்று
சோப்பு அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தான்.

விற்பதற்காகத்தான் டி.வி.யில் மாட்டினேன்,
ஓடுகிறதா என்று பார்க்க.

அக்டோபர். புந்தா அரேனாஸ் தெருமுனைகளில்
பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டிவிட்டார்கள்.
காற்று என் தகரக் கூரையைப் பிய்த்துப் பார்த்து,
வராததால் திட்டிவிட்டுப் போகிறது.
திரை கறுத்தது. கறுப்பில் உப்பு சிந்தினாற்போல் புள்ளிகள்.
பிறகு அந்தப் பெயர்.
கடவுளே, இந்தச் சனியனா.

பதினோரு வருடம் இதன் முதுகைப் பார்த்தவள் நான்.
போரியெஸ் தெருவில் ஃப்ளிப்பர் கடை;
டோக்கன் விற்கும் என் கூண்டு
இயந்திரங்களுக்குப் பின்னால்.
ஒட்டுப்பலகை, ஆணி, தூசி, சூடேறிய ஒயர் வாசனை,
எனக்குத் தெரிந்த விண்வெளி அவ்வளவுதான்.
முன்பக்கம் பையன்களுக்கு.
சத்தம் மட்டும் எனக்கும்.

டும். டும். டும். என்று இறங்கும்.
எதிரிகள் குறையக் குறைய டும்டும்டும்.
அப்புறம் தகரத்தைக் கிழித்தாற்போல் ஒன்று.
உடனே தட்டிலிருந்து டோக்கன் எடுத்து வைப்பேன்:
எவனோ செத்திருக்கிறான், இதோ வருவான்.

புதிதாக்கியிருக்கிறார்கள்.
எதிரிக்கு நிழல் விழுகிறது. வெடித்தால் தூள் மிதக்கிறது.
பின்னால் அறுபது பேர் வயலின் இழுக்கிறார்கள்.
யார் வீட்டுக் கல்யாணம் இது?
தடவித் தடவி செட்டிங்ஸுக்குள் போய்
'பழைய ஒலி' என்றதை அழுத்தினேன்.

டும்.

வயிற்றுக்குள் ஒரு டோக்கன் விழுந்தது.

இடது கட்டைவிரல் ஓட, வலது சுட.
சுட்டதெல்லாம் ஆகாயம்.
முதல் கப்பல் ஆறு நொடி.
இரண்டாவது, நானே போய் மோதினேன்.
மூன்றாவதில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு
காதால் நகர்ந்தேன். ஒரு வரிசை முழுக்கக் காலி!
நான் கத்திய கத்தலில் பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போனது.
பிறகு, தகரம் கிழிந்தது.
என் வலது கை, என்னைக் கேட்காமலே,
மேசை விளிம்பில் டோக்கனைத் துழாவியது.

அப்போதுதான் பார்த்தேன்
அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை.
'தொடர வேண்டுமா?'
அதன் கீழே பத்து. ஒன்பது.

எட்டு.

அடப் பாவிகளா, இதற்காகவா அப்படி ஓடி வந்தீர்கள்!
கூண்டுக் கம்பியில் காசால் தட்டித் தட்டி
"சீக்கிரம் செனோரா, சீக்கிரம்!" என்று.
மரியாதை தெரியாத பிள்ளைகள் என்று
வேண்டுமென்றே மெதுவாய் எண்ணிக் கொடுத்தேனே.

குஸ்தோதியோ பாரியா. காது சிவந்த பையன்.
ஒரு சனிக்கிழமை மொத்தக் கடையும்
அவன் பின்னால் கூடி, மூச்சடைத்து நின்றது.
டும்டும்டும் அவ்வளவு வேகமாய் அதற்குமுன் கேட்டதில்லை.
ஓடி வந்து கசங்கிய நோட்டை நீட்டினான்.
"நேராக்கிக் கொடு" என்றேன்.
நேராக்கினான். தொடைமேல் வைத்து,
உள்ளங்கையால், மூலை மூலையாக.
ஒழுக்கம் கற்பித்த திருப்தியோடு நான் காத்திருந்தேன்.
திரும்பிப் போய் அவன் அழுததும்
எனக்குப் பலகை வழியாகத்தான் கேட்டது.
ஒரு விளையாட்டுக்கு இப்படியா, என்று நினைத்தேன்.

ஐந்து. நான்கு.

அவன் இப்போது போர்வெனிர் போகும் படகில் டிக்கெட் கிழிக்கிறான்.
தலையில் முடியில்லை. காது அப்படியேதான்.
போன மாதம் என் கசங்கிய நோட்டை
அப்படியே வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மூன்று.

இப்போதெல்லாம் காசு வேண்டாம்.
எதை அழுத்தினாலும் உயிர் வரும்.
விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.
பூஜ்யம்வரை விட்டுப் பார்த்தேன்,
எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ள.

ஒரு நோட்டை நேராக்கும் நேரத்தைவிடக்
கொஞ்சம் குறைவு.