பதின்மூன்று குறைவு

உருகுவேயின் கிழக்குக் கரை, பிப்ரவரி.
கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு.
அகலம் அறுபது நடை;
நிர்சா தெச்சேரா நடந்து பார்த்திருக்கிறாள்.
எதையும் எண்ணிவிடுகிறவள்.

மேட்டின்மேல் குச்சிகள் நட்டிருக்கிறார்கள்,
குச்சிக்கொரு சிவப்பு நாடா.
கோடைக்கு வருகிறவர்களுக்கு நூற்றுநாற்பது வீடுகள்,
ஒரு பாலம், ஒரு படகுத்துறை.
விளம்பரப் பலகையில் பூநாரை ஒன்று
ஒற்றைக் காலில் நின்று எல்லோரையும் வரவேற்கிறது.

அவள் எண்ண வந்தது பூநாரையை அல்ல.
தூரத்தில் மிதக்கும் கருங்கழுத்து அன்னங்களையும் அல்ல.
(பாலையும் நீரையும் பிரிக்கிற வகையல்ல அவை;
பாசியைச் சேற்றோடு சேர்த்தே விழுங்கும்.)
அவள் தேடுவது ஓர் உள்ளான்,
நனைந்த வைக்கோல் நிறம்,
உள்ளங்கைக்குள் அடங்கும்.
வடதுருவத்துக்குப் பக்கத்தில் பொரிந்து
இத்தனை தூரம் பறந்து வந்து
மாடு மேய்ந்த புல்லாகப் பார்த்து இறங்கும்.
புல் கணுக்காலைத் தாண்டினால் திரும்பிப் பார்க்காது.
அந்த வகையில் எலெயுத்தேரியோவின் பசுக்கள்
காவல்காரர்கள்தான்,
சம்பளம் கேட்காத, அசைபோடுகிற காவல்.

உலகத்தில் இருப்பதில் நூற்றிலொரு பங்கு
ஓரிடத்தில் நின்றால்
அந்த இடத்துக்குக் கோப்பு ஒன்று பிறக்கும்.
தலைநகரில் எங்கோ ஓர் இழுப்பறை திறக்கும்.
நூற்றிலொரு பங்கு என்றால்
ஐந்நூற்று அறுபது.

சனிக்கிழமை, வெளிச்சம் வந்த கையோடு
தொலைநோக்கியை ஊன்றினாள்.
கட்டைவிரலுக்கடியில் எண்ணும் கருவி
டிக் டிக் என்றது.
காற்றில் நாடாக்கள் படபடக்க
பறவைகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன.
ஐந்நூற்று நாற்பத்தேழு.

மறுபடி முதலிலிருந்து.
ஐந்நூற்று நாற்பத்தேழு.
இரண்டு தடவையும் ஒரே எண் வருவது அபூர்வம்.
அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கவிழ்த்த படகின்மேல் ஒல்மேதோ,
இரவு இறாலுக்கு ஏற்றிய விளக்கைத் துடைத்துக்கொண்டு,
மாத்தே குடுவையை அவள் பக்கம் நீட்டினான்.
"பதின்மூன்றுதானே.
சாணிக் குவியலுக்குப் பின்னால்
பதின்மூன்று இருந்திருக்காதா?"
இருந்திருக்கும்.
"இறாலை நிறுக்கும்போது
ஈரத்தையும் சேர்த்துத்தான் நிறுக்கிறோம்."
அதுவும் உண்மை.
பாலத்தின் முதல் தூண்
அவன் தகரவீட்டு வாசலில்தான் இறங்கப்போகிறது.
அதை அவன் சொல்லவில்லை.

பென்சில் நான்கின்மேல் நின்றது.
நான்குக்கு ஒரு வயிறு வைத்தால் ஆறு.
ஒரு வளைவு, அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில்,
உள்ளான்கள் ஒன்றுகூட இல்லாத மாதத்தில்,
கம்பெனி ஆள் நண்பகலில் வந்து
காரை விட்டு இறங்காமலே எழுதிக்கொண்டு போனான்:
பறவைகள் குறிப்பிடும்படி இல்லை.
ஊர்க்கூடத்தில், அத்தனை பேர் முன்னால்,
அதைப் பொய் என்று சொன்னவள் இவள்.
குரல் நடுங்கிற்று, ஆனாலும் சொன்னாள்.

பென்சிலைத் தூக்கினாள்.
நான்கு நான்காகவே இருந்தது.
குறிப்பு என்ற கட்டத்தில் மட்டும்,
'தென்கிழக்குக் காற்று. நாடாக்கள் கலைத்தன.'

அன்றிரவு மேற்கே மலையடியில் மழை.
காயல் வீங்கி,
யாரும் இயந்திரம் கொண்டுவராமலே
மூன்று மணிக்கு மேட்டை உடைத்தது.
ஊர் முழுக்கக் கேட்டது, லாரி சரிந்த மாதிரி.
முப்பத்தொரு குச்சிகளைக் கடல் எடுத்துக்கொண்டது.
மிச்சமெல்லாம் நின்றன,
சிவப்பாக, ஒழுங்காக.

விடிந்தபோது நீர் இறங்கி
மூழ்கிக்கிடந்த மேய்ச்சல்நிலம்
முதுகைக் காட்டிக் கிடந்தது.
அதன்மேல் வைக்கோல் நிறத்தில்
தரையே நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை.
கணக்கெடுப்பு நேற்றோடு முடிந்துவிட்டது.
இன்றைய எண்ணுக்குப் படிவம் கிடையாது.
நிர்சா தொலைநோக்கியை ஊன்றினாள்.
நானூற்று இருபத்திரண்டில் வல்லூறு ஒன்று தாழப் பறக்க
எல்லாம் ஒரே வீச்சில் மேலே போய்
எல்லாம் வேறிடத்தில் இறங்கின.
கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்து
கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள்.

ஒல்மேதோ எதுவும் கேட்கவில்லை.
வலையில் சிக்கிய ஒரு சிவப்பு நாடாவை
ஈரம் பிழிந்து
விளக்கின் கைப்பிடியில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.
சூடு தாங்கும்.