காயும்வரை

புளியரை எடைமேடையில் எனக்கு இரவு ஷிப்ட்.
வைக்கோல், எம் சாண்ட், ஜல்லி,
ஓணம் நெருங்கினால் காய்கறி.
இரண்டு வண்டிக்கு நடுவே
பத்து நிமிஷம் கிடைத்தால் பிரஷ்ஷை நனைப்பேன்.

ரசீதுக் கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு டம்ளர்,
ஒன்று கழுவ, ஒன்று குடிக்க.
மாற்றிக் குடித்த இரவுகள் உண்டு.
அல்ட்ராமரைனுக்கு ருசி கிடையாது.

பங்குனியில்
வானம் பாதி முடிவதற்குள் காய்ந்து
குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும்.
ஆனியில் கணவாய் வழியே சாரல் வரும்போது
தாள் காயவே காயாது.
கன்னத்தில் வைத்த சிவப்பு
காதுவரை நடந்து போகும்.
"நீ வரையுறது பாதிதான்,
மிச்சத்த மலையாளத்துக் காத்து வரையுது"
என்பார் பகல் ஷிப்ட் மைதீன் பிச்சை.

முதலில் பொருள்கள்தான் வரைந்தேன்.
பொருள்கள் திரும்பிப் பார்க்காது.
ஒரு சீப்பு நேந்திரங்காய், எவர்சில்வர் தூக்கு, அலுவலகப் பூட்டு.
திங்களன்று பச்சையில் தொடங்கினேன்.
புதனுக்குள் காய் மஞ்சளாகிவிட்டது.
படத்தைத் திருத்துவதா, பழத்தைத் திட்டுவதா?
சனிக்கிழமை பசித்தது.
தாளில் ஐந்து, தட்டில் மூன்று.
தூக்கின் பளபளப்பு மட்டும் அப்படியே வந்திருந்தது,
அந்த இடத்தில் நான் ஒன்றுமே வைக்கவில்லை.

தென்காசியில் வாங்கிய பெட்டியில்
'தோல் நிறம்' என்று ஒரு ட்யூப்.
இந்த ஜன்னலில் குனிந்த முகங்களில்
இந்தப் பக்கத்து ஆளோ அந்தப் பக்கத்து ஆளோ
ஒருத்தருக்கும் அது பொருந்தியதில்லை.
வாழைப்பூவின் உள்மடலுக்குப் பொருந்தியது.
அதற்கே வைத்துக்கொண்டேன்.
முகத்துக்கு பர்ன்ட் சியன்னா,
நிழலுக்கு அதிலேயே துளி நீலம்,
ட்யூப்லைட் விழும் நெற்றிக்கு வெறும் தண்ணீர்.

அன்றைக்கு எஸ் வளைவில் ஒரு கண்டெய்னர் மாட்டிக்கொண்டது.
வரிசை பெட்ரோல் பங்க் தாண்டி நின்றது.
புனலூர் தங்கச்சன் நாற்காலியை இழுத்துப் போட்டு,
தலை சீவி,
"சிரிக்கணோ, சேச்சி?" என்றார்.
வேண்டாம் என்றேன்.
ஐந்தாவது நிமிஷம்
போட்டோவுக்கான முகம் கழன்று விழுந்தது.
அடியில் இருந்தவர்
இரண்டு நாளாகத் தூங்காதவர்.

மூக்கு வேறு யாருடையதோ ஆகிவிட்டது.
இடது கண் வந்தது.
வலது கண் வைக்கும்போது
ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு சொட்டு.
கருவிழி பூத்துப் பரவியது.
டிஷ்யூவால் ஒற்றியெடுத்தேன்,
அங்கே ஒரு வெளிறிய வட்டம்,
பாலாடை படிந்த மாதிரி.

படத்தைக் கையில் வாங்கினார்.
மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே கிளீனர் பையன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு
மெதுவாகக் கேட்டார்:
"ஆரு பறஞ்ஞு?"

யாரும் சொல்லவில்லை.
ஒரு சொட்டு மழை, அவ்வளவுதான்.
அதை எப்படிச் சொல்வது?

பத்து கிலோவுக்குக் கீழே எங்கள் மேடைக்கு எதுவும் தெரியாது.
அவர் வண்டி பதினாறு டன் எழுநூறு.
மேலே பதினோரு மணி மழை, வளைவுகள்,
எதிரே இறங்கி வருகிறவர்கள்.

"கண்ணு மட்டும் சரியாக்கித் தா" என்றார்.
சின்ன வேலைதான்.
கருப்பில் ஒரு புள்ளி, ஓரத்தில் வெள்ளை விட்டு.
முடித்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.
ஈரத்தில் வைத்தால் மறுபடி பரவும், காயணும், என்றேன்.

கண்டெய்னரை இழுத்துவிட்டார்கள்.
முன்னால் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக முனகி ஏறின.
பின்னாலிருந்தவர்கள் ஹார்ன் அடித்து விலகிப் போனார்கள்.
அவர் இரண்டு தடவை வந்து தாளைத் தொட்டுப் பார்த்தார்.
ஈரம்.
மூன்றாவது தடவை வரவில்லை.
கேபினில் கால் நீட்டியிருந்தது தெரிந்தது.

மேசைக்கடியில்
டேபிள் ஃபேன் ஒன்று இருக்கிறது.
நன்றாக ஓடும்.

ஆறேகாலுக்கு மலை தெரிந்தது.
புள்ளியை வைத்தேன்.