மஞ்சள் ரிப்பன்

கண்ணாடிகள் இரண்டையும் கழற்றிப் பைக்குள் வைத்தபோது
காதுகளைக் கழற்றி வைத்ததுபோல் இருந்தது.
"பின்னால ஆர் வருகினம் எண்டது இனி உங்கட கவலை இல்லை,
முந்துறவன்ர கவலை" என்றான் பஸ்மில்.
பத்து வருடம் கொழும்பில் ஓட்டியவளுக்கு
இதை நம்புவது இலேசில்லை.

மட்டக்குளியில் கொண்டெய்னர் யாட்.
போயா நாள். கிரேனுக்கு லீவு,
காகங்களுக்கு இல்லை.
துருப்பிடித்த பெட்டிகளுக்கு நடுவே
ஒன்பது வளைவு, நாற்பது கூம்பு,
கொடி பிடிக்க இரண்டு பெடியன்கள்.
முன்விளக்குகளின் மேல் எல்லோரும் டேப் ஒட்டுகிறோம்,
கண்ணாடித் தூள் தரையில் சிந்தாதிருக்க.
விழுந்தால் என்று யாரும் சொல்வதில்லை.
டேப் போதுமா என்றுதான் கேட்கிறார்கள்.

மணிக்கட்டில் ரிப்பன்:
வேகக்காரருக்குச் சிவப்பு,
முதல்முறை வந்தவர்களுக்குப் பச்சை,
இரண்டும் இல்லாத எங்களுக்கு மஞ்சள்.
தனித்தனியாகத்தான் இறக்குவதாய் இருந்தது.
காலைத் தூறல் ஒரு மணித்தியாலத்தைத் தின்றுவிட
மூன்று நிறத்தையும் ஒன்றாய் அவிழ்த்துவிட்டார்கள்.

செனுரவின் அறுநூறு சீசீ,
என் நூற்றைம்பது,
சோற்றுப் பார்சல் பெட்டியைக் கழற்றிய இடத்தில்
நாலு நட்டுத் துளைகளோடு ஜெரோமின் வண்டி.

மூன்றாம் வளைவில்
இல்லாத பஸ்ஸுக்காக பிரேக் பிடித்தேன்.
எதிரே ஒருவரும் வரப்போவதில்லை என்று
மூளைக்குச் சொல்லியாயிற்று;
விரல்களுக்கு இன்னும் சொல்லவில்லை.
பெருவிரல் தானாகவே ஹோர்னைத் தேடுகிறது.

செனுர கடந்தபோது
சத்தத்துக்கு முன் காற்று வந்தது.
நேர்ப்பாதையில், வெளிப்பக்கத்தால்,
ஒரு ஆள் நிற்கும் இடம் விட்டு.
நான் அங்கே இருக்கிறேன் என்பதைக்
கணக்கில் எடுத்துக் கடந்தான்.
காலி வீதியில் என்னை யாரும் அப்படிக் கடந்ததில்லை.

அடுத்த சுற்றில் எனக்கு முன்னால் பச்சை.
ஹெல்மெட்டின் பின்னால் விலைச்சீட்டு
இன்னும் கிழிக்கப்படாத பெடியன்.
வளைவின் நடுவே கூம்பைப் பார்க்கிறான்,
பார்க்கிற கூம்பை நோக்கியே போகிறான்.
அவனுக்கு உட்பக்கம் ஒரு இடைவெளி,
ஒரு பைக்கும் கொஞ்சம் பேராசையும் நுழைகிற அளவு.
வளைவில் முந்தாதே என்றுதான் காலையில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.
கொழும்புக் கை அதைக் கேட்கவில்லை.
நுழைந்தேன்.

அவன் தோள் விறைத்ததைக் கண்டேன்.
வெளியே அகன்றான், ஒரு கூம்பு உருண்டது,
சில்லு மணலைத் தொட்டு ஆடி
நிமிர்ந்தது.
அவன் விழவில்லை.
விழாததில் என் பங்கு எதுவுமில்லை.

கொடிப் பெடியன் மஞ்சளை விசிறினான்.
என் நிறம்.

தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் அவனைத் தேடிப் போனேன்.
சொல்ல வேண்டியதை ஹெல்மெட்டுக்குள்ளேயே
இரண்டு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன்.
அவன் முந்திவிட்டான்:
"சொறி அக்கா, நான் சரியான ஸ்லோ."

அதற்குப் பிறகு குடித்த தண்ணீர்
தொண்டையில் நின்று நின்று இறங்கியது.

பின்னேர ஓட்டத்தில் மூன்று சுற்று
அவன் பின்னாலேயே போனேன், முந்தாமல்.
நேர்ப்பாதையில் இடம் இருந்தது.
பஸ்மில் ஓரத்தில் நின்று கையை விரித்துக் காட்டினான்: என்ன?
ஒன்றுமில்லை.
இரண்டாம் சுற்றில் அவன் கூம்பை விட்டு
வளைவின் முடிவைப் பார்க்கத் தொடங்கினான்.
நான் இருப்பது அவனுக்குத் தெரியாது.
கண்ணாடி இல்லையே.

ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு.
செனுரவின் அறுநூறும் என் நூற்றைம்பதும்
ஒரே முச்சக்கரவண்டியின் புகையைக் குடிக்கின்றன.
ஜெரோம் பெட்டியைத் திரும்பவும் பூட்டியிருந்தான்;
போனில் ஓடர் விழுந்த சத்தம்.
பச்சை வருமுன்னே
பஸ்ஸுக்கும் லொறிக்கும் இடையில்
நூல்போல் போய்விட்டான்.
செனுர தலையை ஆட்டிச் சிரித்தான்.

திரும்பப் பூட்டிய கண்ணாடி
சரியான கோணத்தில் இல்லை.
விரலால் தள்ளித் திருப்பினேன்.
ஆகாயம், கம்பி, ஒரு கடைப் பலகை,
பிறகு
இரண்டு வாகனம் தள்ளி அந்தப் பெடியன்,
பக்கத்துப் பஸ்ஸின் முன்சில்லையே பார்த்தபடி.